கிருத்திகையன்று வேண்டாமென்ற இளநீர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று தள்ளிப்போட்டு வந்ததில், என் மூத்த மகளுக்குக் கல்யாணமாகி, அவள் பெண்ணும் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள். அத்தனை வருஷத் தயக்கம். எழுத உட்காருவேன். முருகன் பெயரை முதலில் போடுவேன். அதற்குமேல் கை ஓடாது, பேனாவைத் துடைத்து வைத்துவிடுவேன். நான் படித்தது நாலாவது வகுப்பு வரைக்கும்தான், அது ஒரு காரணம். பெரிய காரணம் வேறே.

நடந்தது சின்ன விஷயம். ஒரு வேலை கேட்டுப் போனேன். பேசிவிட்டு வந்தேன். பதில் வருமென்று காத்திருந்தேன். வராததால் திரும்பத் திரும்பப் போய்க் கேட்டேன். ஆனால் இதை எங்கள் பக்கத்தில் இரண்டு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். இரண்டும் நடந்ததல்ல. நான் வாயைத் திறந்தால் மூன்றாவது கதை ஒன்று கிளம்பிவிடுமோ என்று பயந்தே சும்மா இருந்தேன். இப்போது மூச்சு இளைக்கிறது. எனக்குப் பிறகு அந்த இரண்டு கதைதான் மிஞ்சும் என்று நினைத்தால் தூக்கம் வருவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

அப்போது நான் அணைக்கட்டில் ஒரு வெல்ல மண்டியில் நிறுவைக்காரனாக இருந்தேன். வண்டி வந்து நின்றால் வெல்லத்தைத் தராசில் ஏற்றி, நிறுத்து, கணக்கப்பிள்ளைக்குச் சத்தமாகச் சொல்வது என் வேலை. மண்டிக்காரர் நல்லவர். ஒரு மார்கழியில் காலமானார். பிள்ளைகள் பாகம் பிரித்துக்கொண்டார்கள், மண்டியைப் பூட்டினார்கள். தராசையும் ஆளுக்கொரு தட்டாகப் பிரித்துக்கொண்டார்கள் என்று ஊரில் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் மனைவி, நடை பழகும் பெண் குழந்தை, வயிற்றில் இன்னொன்று.

ஊரில் வேறு மண்டி இல்லை. கூலிக்குக் கரும்பு வெட்டப் போனேன், பழக்கமில்லாத கை, ஒரு வாரத்தில் கிழிந்துவிட்டது. அந்தச் சமயத்தில்தான் கோலார் தங்கவயலுக்கு ஆள் சேர்க்கிற மேஸ்திரி எங்கள் ஊருக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார். "ஆனி முடியறதுக்குள்ள சொல்லு. ஆடி பொறந்தா நான் வர மாட்டேன், வேற ஊரு போய்டுவேன்" என்று அவர் சொல்லியிருந்தார்.

கோலார் என்றால் என் மனைவிக்கு உயிரே போய்விடும். அவளுடைய அண்ணன் அந்தக் குழிக்குள் இறங்கினவர். ஊருக்குத் திரும்பி வந்தபோது ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியாமல் இருமினார். இருமிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். "பிச்சை எடுத்தாலும் சரி, நீங்க அந்தக் குழியிலே எறங்க வேணாம்" என்பாள். நானும் இறங்க மாட்டேன் என்று அவள் தலையில் கைவைத்துச் சொல்லியிருந்தேன்.

ஒரு நாள் ஆவாரம்பட்டை ஏற்றிப்போகிற வண்டிக்காரர் ஒருவர் வந்தார். எங்கள் பக்கத்து மலையடிவாரத்தில் உரிக்கிற ஆவாரம்பட்டை எல்லாம் ஆம்பூரில் தோல் பதனிடும் கிடங்குகளுக்குத்தான் போகும். பட்டை இல்லாமல் தோல் பதமாகாது. அவர் வண்டியை நிறுத்தி, "இந்தா, உனக்கு ஒரு நல்ல சேதி. ஆம்பூர்ல ஒரு சாயபு கிடங்குல பட்டை நிறுக்க ஆள் வேணுமாம். பழைய ஆளுக்குக் கண்ணு போச்சு. உன்னைப்பத்திச் சொல்லி வச்சேன். நாளன்னைக்கே வரச் சொன்னாரு" என்றார்.

நாளன்றைக்குக் கிருத்திகை.

எங்கள் அப்பா காலத்திலிருந்து மாதக் கிருத்திகை விரதம் எங்கள் வீட்டில் உண்டு. சாயந்திரம் கோயிலில் தீபாராதனை பார்க்கிறவரைக்கும் பச்சைத்தண்ணீர் பல்லில் படாது. இன்னொரு கட்டளையும் உண்டு. விரதம் இருக்கிறதை வெளியில் சொல்லிக்கொள்ளக் கூடாது. "வாயால சொன்னா பாதி போச்சுடா" என்பார் அப்பா. விருந்துக்கு அழைத்தாலும் வேண்டாம் என்று மட்டும் சொல்வார், ஏன் என்று சொல்ல மாட்டார். அவரை எங்கள் சொந்தக்காரர்கள் கர்வி என்பார்கள். எங்கள் ஊரில் அது பழகிப்போன கர்வம். ஆம்பூரில் என்னை யாருக்குத் தெரியும்?

இப்போது மோட்டார் ஓடுகிற அந்த ரோட்டில் அப்போது பட்டை வண்டிகள்தான் வரிசையாகப் போகும். முதல்நாள் புறப்பட்டு, பள்ளிகொண்டாவில் சத்திரத்தில் தங்கி, காலையில் பாலாற்றோரமாக நடையும் வண்டியுமாகப் போனேன். மணல் சுட்டது. போகும்போதே முருகனிடம் சொல்லிக்கொண்டேன்: உன் நாளிலேயே கூப்பிட்டுவிட்டாய், நீயே பார்த்துக்கொள்.

கிடங்கின் கதவண்டை கயிற்றுக்கட்டிலில் ஒரு காவல்கார பாய் உட்கார்ந்திருந்தார். மருதாணி போட்ட தாடி. என் நெற்றி விபூதியைப் பார்த்தார்.

"இன்னா சாமி, கோயிலு அந்தப் பக்கம்."

"பட்டை நிறுக்க ஆள் வேணும்னாங்க பாய்."

"அட, நீதானா அது! போ, போ. மூக்கைப் பிடிச்சிக்காம போ, அதைப் பார்த்தா சாயபுவுக்குக் கோவம் வரும்."

நாற்றம் இருந்தது. சுண்ணாம்புக் குழி, ஊறுகிற தோல், எல்லாம் சேர்ந்து தொண்டையில் வந்து நின்றது. வெறும் வயிறு வேறு. ஆனால் பட்டைக் கொட்டகைக்குள் நுழைந்ததும் வேறு வாசனை. காய்ந்த பட்டையின் துவர்ப்பான வாசனை. எனக்கு அது அப்போதே பிடித்துப் போயிற்று. இங்கேதான் நிற்கப்போகிறோம் என்று மனம் சொல்லியது.

சாயபு பெரியவர். வெள்ளைத் தாடி, மெல்லிய குரல். பக்கத்தில் கிடங்கின் கணக்கப்பிள்ளை, அவர் நம்மவர். சாயபு என்னை உட்காரச் சொல்லி, இரண்டு கட்டுப் பட்டையை எடுத்துவைக்கச் சொன்னார்.

"இதுல எதை வாங்குவீங்க?"

ஒவ்வொரு கட்டையும் மேலே தடவிப் பார்த்துவிட்டு, நடுவிலிருந்து ஒரு பட்டையை உருவி ஒடித்துப் பார்த்தேன். காய்ந்திருந்தால் சடக்கென்று முறியும். இரண்டும் சத்தமில்லாமல் வளைந்தன.

"ரெண்டுமே ஈரங்க. ஒண்ணு முழுக்க ஒரே மாதிரி ஈரம். மழை பட்டிருக்கும். இன்னொண்ணு உள்ளுக்குள்ள மட்டும் ஈரம். தண்ணி தெளிச்சு நடுவுல வச்சுக் கட்டியிருக்காங்க."

"வாங்குவீங்களா, மாட்டீங்களா?"

"மழைல நனைஞ்சதைக் காயவச்சு வாங்கலாங்க. பாவம், அவன் என்ன பண்ணுவான். தெளிச்சவனைத் திருப்பி அனுப்பிடணும்."

சாயபு கணக்கப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார். "பார்த்தீங்களா? மழைக்கும் மனுசனுக்கும் வித்தியாசம் தெரியுது இவருக்கு." அப்புறம் என்னிடம் திரும்பி, கொஞ்சம் தயங்கிக் கேட்டார்: "இங்க நாத்தம் ஜாஸ்தி. உங்க ஜனங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா? இங்க வந்து உக்கார உங்களுக்கு மனசு ஒத்துக்குமா?"

"ஒத்துக்குங்க. சொல்றவங்க சொல்லிட்டுப் போறாங்க."

அவர் முகம் மலர்ந்தது. உள்பக்கம் பார்த்து ஏதோ சொன்னார். ஒரு ஆள் ஒரு பச்சை இளநீரைக் கொண்டுவந்து எனக்கெதிரே வைத்தான். சீவவில்லை. காம்போடு முழுசாக இருந்தது. பக்கத்தில் ஓர் அரிவாளைக் கழுவி வைத்தான். என் கையாலேயே சீவிக்கொள்ளலாம், வேறு யார் கையும் தண்ணீரில் படாது. எங்கள் ஜனங்களுக்கு மனம் கோணக்கூடாது என்று அந்த வீட்டில் யோசித்து யோசித்துச் செய்து வைத்திருந்த மரியாதை அது. அன்று எனக்கு அது புரியவில்லை. நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பச்சைக் காயையே பார்த்தேன்.

கைகூப்பி, "வேணாங்க சாயபு" என்றேன்.

"வெயில்ல நடந்து வந்தீங்களே. தாகமா இல்லியா?"

"இருக்கட்டுங்க."

"கை படாததுதான். நீங்களே சீவிக்கலாம்."

"மன்னிக்கணுங்க. வேணாம்."

கணக்கப்பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்தார். சாயபு முகத்தில் கோபம் இல்லை. அதை நான் சத்தியமாகச் சொல்வேன். தாடியைத் தடவிக்கொண்டு, "சரி. உங்க இஷ்டம். சந்தோஷமா போய்ட்டு வாங்க" என்று எழுந்து நின்று அனுப்பினார். அவ்வளவு பெரிய மனுஷர் எழுந்து நின்றாரே என்று நான் பூரித்துப்போனேன். எப்போது வரட்டும் என்று கேட்க வாயெடுத்தேன். பெரியவர்களை அவசரப்படுத்தக் கூடாது, ஆள் அனுப்புவார் என்று அடக்கிக்கொண்டேன். வெளியே வந்து சாயந்திரம் அந்த ஊர்ச் சின்னக் கோயிலில் தீபாராதனை பார்த்து, அப்புறம்தான் தண்ணீர் குடித்தேன். வேலை கிடைத்துவிட்டது என்று சாமிக்கு நன்றி சொன்னேன்.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், இளநீர் தவிர. அது சொல்லவேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. அவள் அன்று குழந்தையைத் தூக்கிவைத்துக்கொண்டு, "அப்பா பட்டை நிறுக்கப் போறாரு, பாப்பாவுக்குக் கொலுசு வாங்கியாருவாரு" என்று பாடிக்கொண்டிருந்தாள்.

ஆள் வரவில்லை. பட்டை வண்டி வரும்போதெல்லாம் ரோட்டுக்கு ஓடுவேன். வண்டிக்காரர் தூரத்திலிருந்தே கையை விரிப்பார். மேஸ்திரி ஒரு தடவை வந்து, "இன்னா, கோலாரா ஆம்பூரா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார். "நீங்களே போய்க் கேட்டுட்டு வாங்க. கேக்காத புள்ளைக்குப் பெத்தவளே சோறு போட மாட்டா" என்றாள் மனைவி.

போனேன். காவல்கார பாய் என்னைக் கண்டதும் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். முதல் நாள் இருந்த சிரிப்பு இல்லை.

"இன்னா சாமி, இங்க இன்னா மறந்துட்டுப் போன?"

"அந்த வேலை விஷயம் பாய். சாயபுவைப் பார்க்கணும்."

"சாயபு பட்டணம் போய்ட்டாரு. தோல் ஏலம்."

"எப்போ வருவாரு?"

"வந்தா வருவாரு." வெற்றிலையைத் துப்பிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். உட்காரச் சொல்லவில்லை. கதவுக்கு எதிரே புளியமர நிழலில் கொஞ்ச நேரம் நின்றேன். பட்டை வண்டிகள் உள்ளே போயின. தராசில் கல் வைக்கிற சத்தம் கேட்டது. யார் நிறுக்கிறார்களோ, கல்லை மெதுவாக வைக்கத் தெரியவில்லை, தொப்பென்று போடுகிறார்கள். எனக்குக் கை பரபரத்தது. அப்படியே திரும்பினேன்.

இரண்டாவது தடவை போனபோது சாயபு உள்ளேயே இருந்தார். அவருடைய இருமல்கூடக் கேட்டது. காவல்காரர் கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டுவிட்டார். கணக்கப்பிள்ளை என் வரவைச் சொல்ல உள்ளே போய், திரும்பி வந்தார்.

"உங்களுக்கு மனசுல ஒண்ணும் வேணாம்னு சொல்லச் சொன்னாரு. அவருக்கும் ஒரு வருத்தமும் இல்லியாம். நல்லபடியா ஊருக்குப் போய்ச் சேரச் சொன்னாரு."

"வேலைங்க?"

"அதான் சொல்லிட்டாரே." பிறகு காவல்காரருக்குக் கேட்காமல் என் காதண்டை குனிந்து, "நீங்க செஞ்சதுதான் சரி. எனக்கு அந்தத் தைரியம் இல்லாமப் போச்சு" என்றார்.

நான் இப்படி விடாமல் வந்து கேட்பதைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். வருத்தமில்லை என்றால் என்ன? எதற்கு வருத்தம்? வழியெல்லாம் அதே யோசனை. ஒரு கதவுக்கு முன்னால் போய் நிற்கிறோம். கதவும் திறந்துதான் இருக்கிறது. யாரும் போ என்று விரட்டவில்லை. ஆனால் உள்ளே போக வழி தெரியவில்லை. அடித்து விரட்டியிருந்தால்கூடப் புரிந்திருக்கும். அந்த மரியாதைதான் என்னைக் கலங்கவைத்தது. பள்ளிகொண்டாவில் ரங்கநாதர் கோயில் வாசலில் உட்கார்ந்து அழுதேன். என் சாமி முருகன், ஆனாலும் அன்று யார் வாசல் கிடைத்ததோ அங்கே அழுதேன்.

ஆனி பாதிக்கு வந்துவிட்டது. மனைவி ஒரு யோசனை சொன்னாள். "வெறுங்கையோட போறீங்க. பெரியவங்களைப் பார்க்கப் போறப்போ எதையாவது கொண்டுட்டுப் போக வேணாமா? நம்ம ஊரு வெல்லம் கொண்டு போங்க." தெரிந்த ஆலையில் கேட்டு, புதுசாகக் காய்ச்சின வெல்லத்தில் நல்ல அச்சாகப் பொறுக்கி, வாழைச்சருகில் கட்டிக்கொடுத்தாள்.

மூன்றாவது தடவை. காவல்கார பாய் மூட்டையைப் பார்த்தார்.

"அது இன்னா?"

"எங்க ஊர் வெல்லம் பாய். சாயபு வீட்டுக்கு."

அவர் கட்டிலை விட்டு எழுந்தே விட்டார். "தோ பாருடா! நீ குடுத்தா நாங்க துன்னணும். நாங்க குடுத்தா நீ தொட மாட்டே. நல்லா கீதே உன் நாயம்!"

"நான் எதைத் தொடலை?"

"அன்னிக்கு இளநி வெச்சாரே! எங்க சாயபு. அருவாளைக் கழுவி வெச்சாரே. வேணாம்னு எழுந்து போனவன்தானே நீ? இந்தக் கிடங்குல எவனை வேலைக்கு வெச்சாலும் சாயபு எதிர்ல ஒரு இளநி குடிக்கணும். அதான் பத்திரம், அதான் முச்சலிக்கா. அவங்க அத்தா காலத்துலேர்ந்து அப்படித்தான். குடிச்சா வேலைக்காரன். குடிக்காட்டி, வேலை வேணாம்னு அர்த்தம். நீ வேணாம்னுட்டே. அப்புறம் வந்து வந்து எங்களைப் பேஜார் பண்றே!"

"பாய், அன்னிக்குக் கிருத்திகை. நான் விரதம். தண்ணிகூடக் குடிக்கக் கூடாது" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அதை இன்னொருவரிடம் சொன்னேன்.

அவர் வாயைத் திறந்தபடி நின்றார். "விரதமா? அதாவது, எங்க நோன்பு மாதிரியா?"

"ஆமாம் பாய்."

"யா அல்லா! இதை வாயைத் தொறந்து சொல்றதுக்கு இன்னா கேடு உனக்கு?" என்று தலையில் அடித்துக்கொண்டு, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனார். அதுவரை முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த மனுஷர் அன்று எனக்காகச் சாயபுவிடம் உருதுவில் படபடவென்று பேசியதை நான் மறக்கமாட்டேன்.

சாயபு கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒரு வார்த்தை," என்றார். "ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நாங்களும் நோன்பு வெக்கிறவங்கதானே. நோன்பாளிகிட்ட தண்ணியை நீட்டினேனேன்னு நான்தான் உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டிருப்பேன். ராத்திரி நோன்பு திறந்ததும் குடிங்கன்னு காயைக் கையில குடுத்து அனுப்பியிருப்பேன்."

"சொல்லக் கூடாதுன்னு எங்க அப்பா கட்டளைங்க."

"அதுவும் சரிதான். எங்கள்லயும் நோன்பைக் காட்டிக்கறது நல்லதில்லேம்பாங்க." அவர் குரலே தேய்ந்துபோயிற்று. "இந்த நாத்தத்துல வந்து உக்கார உங்களுக்கு மனசில்லே, அதை வாய்விட்டுச் சொல்ல முடியாம இளநியை வேணாம்னு காட்டிட்டீங்கன்னு நெனச்சேன். மனசு மாறுவீங்களோன்னு கொஞ்ச நாள் வேற ஆள் பாக்காமக்கூட இருந்தேன். நீங்க திரும்பி வந்ததாச் சொன்னாங்க. வேலையைத் தட்டிட்டோமேன்னு சமாதானம் சொல்ல வந்திருக்கீங்க, உங்களை எதுக்கு எதிர்ல நிறுத்தி வெக்கப்பட வெக்கணும்னு, அப்படிச் சொல்லி அனுப்பினேன்."

"இப்பவாவது..." என்றேன்.

அவர் கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே ஒருவர் தராசண்டை நின்று நிறுத்துக்கொண்டிருந்தார். "வாணியம்பாடிப் பக்கம். முந்தாநாள்தான் சேர்ந்தாரு. அவரும் பிள்ளைக்குட்டிக்காரரு. இங்க உக்காந்து இளநி குடிச்சாரு. குடிச்ச ஆளை நான் எப்படிப் போன்னு சொல்றது? எங்க அத்தா சொன்னதில்லே. நானும் சொன்னதில்லே."

நானும் பார்த்தேன். அந்த மனுஷர் கல்லை மெதுவாகத்தான் வைத்தார். தட்டு ஆடி நின்ற பிறகுதான் எடையைச் சொன்னார். ஒரு குறை சொல்ல இடமில்லை. குறை இருந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்குமே என்று ஒரு கெட்ட எண்ணம் வந்து போயிற்று, முருகன் மன்னிக்கவேண்டும்.

"சுண்ணாம்புக் குழியில ஆள் வேணும். அதை உங்ககிட்ட நான் கேக்க மாட்டேன்" என்றார் சாயபு. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கோலார்க் குழியா, சுண்ணாம்புக் குழியா என்று என் மனைவியிடம் அப்போது கேட்டிருந்தால் அவள் எதைச் சொல்லியிருப்பாள் என்பது மட்டும் தெரியும். ஆனால் அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஒருவர் மனம் இன்னொருவரால் கோணக்கூடாது என்றே இரண்டு பேரும் இருந்தோம்.

அப்புறம் அவர் உள்ளே பார்த்து ஏதோ சொன்னார். இளநீர் வந்தது. முழுக்காய். கழுவின அரிவாள்.

"இன்னிக்கு விரதம் இல்லியே?"

"இல்லீங்க."

"அப்போ குடிங்க. வேலைக்கு இல்லே. தாகத்துக்கு."

நானே சீவினேன். கொஞ்சம் என் வேட்டியில் கொட்டியது. சாயபு என் வெல்ல மூட்டையைப் பிரித்து, ஒரு துண்டை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டார். நான் குடித்து முடிக்கிறவரைக்கும் அவர் மென்றுகொண்டே இருந்தார். இரண்டு பேருக்கும் கண் கலங்கியிருந்தது. காவல்கார பாய் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். நல்ல இனிப்பான காய். அப்படியொரு இளநீரை அதற்குப் பிறகு நான் குடித்ததில்லை. அது எதற்கும் பிரயோஜனமில்லாத இளநீர்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், இந்தத் தடவை இளநீரையும் சேர்த்து. அவள் யாரைத் திட்டுவாள்? சாயபுவையா, என்னையா, செத்துப்போன மாமனாரையா, முருகனையா? யாரையும் திட்டவில்லை. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "என் தலைல கைவச்சுச் சத்தியம் பண்ணச் சொன்னேனே, அதை நானே எடுத்துடறேன்" என்று சொல்லி, என் கையை எடுத்து மறுபடி அவள் தலைமேல் வைத்துக்கொண்டாள். அதைவிட அவள் என்னை அடித்திருக்கலாம்.

ஆடி பிறக்கும் முன்னால் மேஸ்திரியோடு ரயில் ஏறினேன். ஆம்பூர் ஸ்டேஷனில் வண்டி நின்றது. காற்றில் அந்த நாற்றம் வந்தது. கூட வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் பொத்தவில்லை.

குழியில் இருந்த வருஷங்களைப் பற்றி எழுதப்போவதில்லை. என் மகன் பிறந்ததை நான் பார்க்கவில்லை. முதலில் பார்த்தபோது அவன் என்னைக் கண்டு பயந்து அம்மாவின் புடவைக்குள் ஒளிந்துகொண்டான். இப்போது என் மார்பில் இருக்கிற இளைப்பு அங்கே வாங்கியது. கிருத்திகை விரதத்தை மட்டும் அங்கேயும் விடவில்லை. ஆனால் யாராவது எதையாவது நீட்டினால், இன்றைக்கு எனக்கு விரதம் என்று உடனே சொல்லிவிடுவேன். பாதி போனால் போகட்டும், மீதிப் பாதியை முருகன் வாங்கிக்கொள்ளட்டும்.

அங்கே இருந்தபோதுதான் என் கதையே என்னிடம் வந்து சேர்ந்தது. குடியாத்தத்துக்காரர் ஒருவர், நான்தான் அது என்று தெரியாமல் சொன்னார்: "அணைக்கட்டுல ஒரு பக்தர். சாயபு கட்டாயப்படுத்தி இளநியைக் குடின்னாராம். வேலையும் வேணாம், உன் தண்ணியும் வேணாம்னு தட்டிவிட்டுட்டு வந்தாராம். ஆம்பளை!" அந்தக் கணக்கப்பிள்ளையின் வாயிலிருந்து கிளம்பியது அப்படி வளர்ந்திருக்கிறது. கொஞ்ச நாள் கழித்து, எங்கள் பக்கத்து முஸ்லிம் சகோதரர் ஒருவர் வேறு மாதிரிச் சொன்னார்: "மரியாதையா வெச்ச இளநியைத் தீட்டுன்னு காலால எத்தினான் ஒருத்தன். சாயபு அன்னிக்கே படுத்தவருதான்." இரண்டு பேரிடமும் அது நான்தான், அப்படி நடக்கவில்லை என்று சொன்னேன். முதலாமவர் என்னைக் கும்பிட்டார். இரண்டாமவர் எழுந்து போய்விட்டார். நான் சொன்னதை இரண்டு பேரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சாயபு காலமான சேதி வண்டிக்காரர் மூலமாக வெகுநாள் கழித்துத்தான் வந்தது. அன்று நான் ஒரு வேளை சாப்பிடவில்லை. ஏன் என்று மனைவி கேட்கவில்லை.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் பக்கத்தில் அந்த இரண்டு கதையில் எதையாவது யாராவது சொன்னால், இதையும் சொல்லுங்கள். ஆனால் உள்ளபடி சொல்லுங்கள். எனக்காக என்னைப் பெரிய பக்தனாக்க வேண்டாம். சாயபுவுக்காக அவரைப் பெரிய வள்ளலாக்கவும் வேண்டாம். அரிவாளைக் கழுவி வைத்ததை விட்டுவிடாதீர்கள், நான் சொல்லாமல் இருந்ததை விட்டுவிடாதீர்கள், கடைசியில் நான் குடித்ததையும் அவர் வெல்லம் தின்றதையும் விட்டுவிடாதீர்கள். ஒரு சொல் கூடினாலும் யாரோ ஒருவர் கெட்டவராகிவிடுகிறார். அங்கே கெட்டவர் யாரும் இல்லை. நான் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன், இல்லை.